விறகுச் சூளையில் சுட்ட மக்: தினமும் காபி குடிக்க வாங்கலாமா?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். சமீபத்தில் புதுச்சேரி போயிருந்தபோது ஒரு மட்பாண்டக் கூடத்தில் விறகுச் சூளையில் சுட்ட மக் ஒன்றைப் பார்த்தேன். ஒரு பக்கம் செம்பழுப்பு. மறுபக்கம் பச்சையும் மஞ்சளும் கலந்து வழிந்து, அடியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரே சொட்டாகத் திரண்டு கண்ணாடியாய் நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தில் யாரும் எதுவும் பூசவில்லை, விறகுச் சாம்பல்தான் உருகி இப்படி ஆனது என்றார்கள். விலை 1,600 ரூபாய். கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டுக் கடைசியில் வாங்காமல் வந்துவிட்டேன். மனசு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

இணையத்தில் தேடினால் "விறகில் சுட்ட மண் கப்" என்று 250 ரூபாய்க்குக்கூட வருகிறது. இரண்டும் ஒன்றுதானா? எனக்கு அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் எண்ணம் இல்லை, தினமும் காலையில் காபி குடிக்க வேண்டும். பால் வாடை ஏறிவிடுமா, சாம்பல் உருகிய அந்தப் பூச்சு வாய்க்குள் போனால் கெடுதலா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிகிரிகாபி

நண்பரே, நேராகவே கேட்கிறேன். தீ எல்லாம் தீதானே? கேஸ் சூளையிலும் அதே சூடு வருகிறது, கரன்ட் சூளையிலும் வருகிறது. விறகில் சுட்டது என்பதற்காக மூன்று மடங்கு விலை ஏன்? எங்கள் வீட்டில் பித்தளை டபரா செட் என் தாத்தா காலத்திலிருந்து ஓடுகிறது. கீழே விழுந்தால் நசுங்கும், அவ்வளவுதான். 1,600 ரூபாய்க்கு வாங்கியது கைதவறினால் என்ன செய்வது? கைவினையை மதிக்கிறேன், ஆனால் விலைக்குக் காரணம் தெரிய வேண்டும்.

சூளைப்புகை

புதுச்சேரிக்கும் ஆரோவில்லுக்கும் நடுவில் சின்னதாக ஒரு கூடம் வைத்திருக்கிறேன். விறகுச் சூளைதான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 250 ரூபாய் கப். "எதில் சுட்டது" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "எவ்வளவு சூட்டில் சுட்டது" என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நம் ஊர் பானை, சட்டி, அகல்விளக்கு எல்லாம் 700 முதல் 900 டிகிரி செல்சியஸுக்குள் சுடப்படுபவை. அந்தச் சூட்டில் மண் கெட்டியாகும், ஆனால் நுண்துளைகள் அடையாது. அதனால்தான் மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. துளை வழியாகக் கசிந்த நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதே துளைக்குள் பால் போனால்? கழுவினாலும் வெளியே வராது, உள்ளேயே புளிக்கும். வட இந்தியாவில் குல்லட் என்ற சின்ன மண் கோப்பையில் டீ குடித்துவிட்டு உடைத்துப் போடுகிறார்களே, அது சரியான பழக்கம். ஒரு தடவைக்காகச் செய்தது அது.

நீங்கள் புதுச்சேரியில் பார்த்தது ஸ்டோன்வேர். அதற்கு மண்ணே வேறு. சுடுவது ஏறக்குறைய 1,280, 1,300 டிகிரியில். அந்தச் சூட்டில் மண்ணுக்குள் இருக்கும் சில கனிமங்கள் உருகி, துகள்களுக்கு இடையே கண்ணாடிபோல் ஓடி அடைத்துவிடும். உங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடி அந்த இனம்தான். வருஷக்கணக்கில் உப்பும் எண்ணெயும் புளிப்பும் உள்ளே இருந்தும் வெளியே கசியாமல் இருக்கிறதே, காரணம் இதுதான்.

இனி டிகிரிகாபி சாரின் கேள்வி. சூடு ஒன்றுதான், நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் கேஸ் எரிந்தால் சாம்பல் வராது. விறகு எரியும்போது சாம்பல் தீயோடு பறந்து சூளை முழுக்கச் சுற்றி, பாத்திரத்தின் எந்தப் பக்கம் தீயைப் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கத்தில் படியும். சாம்பலில் கால்சியம், பொட்டாசியம், கொஞ்சம் சோடியம் எல்லாம் உண்டு. மண்ணில் சிலிகா இருக்கிறது. 1,200 டிகிரியைத் தாண்டிய பிறகு இவை சேர்ந்து உருகிக் கண்ணாடியாகும். வைகைக்கரை பார்த்த பச்சைச் சொட்டு அப்படி வந்தது. அதே மக்கைத் திருப்பி வைத்திருந்தால் சொட்டு கைப்பிடிப் பக்கம் வழிந்திருக்கும்.

நிறத்துக்கும் ஒரு காரணம் உண்டு. விறகைத் திணித்த கையோடு உள்ளே காற்று போதாமல் போகும். அப்போது தீ, மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்ஸைடிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். சிவப்பு கறுப்பை நோக்கியும், கிளேஸுக்குள், அதாவது மேலே உருகிய கண்ணாடிப் பூச்சுக்குள், பச்சை நீலத்தை நோக்கியும் போகும். விறகு எரிந்து தணிந்ததும் காற்று மறுபடி உள்ளே வரும், நிறம் திரும்பும். ஒவ்வொரு முறை விறகு போடும்போதும் இது நடக்கிறது. ஒரே மக்கில் மூன்று நான்கு நிறம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருப்பது அதனால்தான்.

பானைவீடு

மானாமதுரை பக்கம் எங்கள் ஊர். பரம்பரையாக மண் வேலை. சூளைப்புகை அம்மா சொன்னது எல்லாம் சரி, ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் எங்கள் பானையைக் குறைச்சலாக நினைத்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன்.

இங்கேயும் இப்போது சுற்றுலா வருகிறவர்கள் "காபி மக் செய்து தாருங்கள், நன்றாகச் சுட்டுத் தாருங்கள்" என்று கேட்கிறார்கள். கண்மாய் மண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் சுட முடியாது. அதில் இரும்பும் சுண்ணாம்பும் அதிகம். 1,100-ஐத் தாண்டினால் உப்பும், வளையும், அப்புறம் குழைந்து உட்கார்ந்துவிடும். அது தண்ணீருக்கும் குழம்புக்கும் உரிய மண். அடுப்பில் வைத்தால் சூட்டைத் தாங்கும். உங்கள் ஸ்டோன்வேர் மக்கை அடுப்புத் தீயில் வைத்தால் வெடித்துவிடும். எந்த வேலைக்கு எந்த மண் என்பது இருக்கிறது.

மானாமதுரை மட்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது இந்த மண்ணுக்காகவும் கைவேலைக்காகவும் கிடைத்தது. மக் விற்றுத்தான் எங்களுக்குப் பெயர் வர வேண்டும் என்றில்லை.

இன்னொன்று. தட்டிப் பார்த்துக் கணீர் என்றால் நன்றாக வெந்தது என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கடத்தைத் தட்டிப் பாருங்கள், வெண்கலம்போல் கேட்கும். அது ஸ்டோன்வேரா? இல்லை. பலகையால் தட்டித் தட்டி மண்ணை இறுக்கி, சுவரின் கனத்தை ஒரே அளவாகக் கொண்டுவந்ததால் வரும் நாதம். கணீர் என்று கேட்டால் கீறல் இல்லை என்று அர்த்தம். மற்றதை அதிலிருந்து முடிவு செய்ய முடியாது.

சூளைப்புகை

பானைவீடு ஐயா, கடம் விஷயம் மிகச் சரி. இதை என்னிடம் பழக வருகிறவர்களுக்கும் சொல்லப் போகிறேன். சுவர் அளவைப் பற்றி நீங்கள் சொன்னதும் முக்கியம். ஸ்டோன்வேரிலும் ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெல்லியதாகவும் இருந்தால், சூளை ஆறும்போதே விரிசல் விழும்.

வைகைக்கரை

இவ்வளவு விவரத்தை எதிர்பார்க்கவில்லை, நன்றி. அப்படியானால் கடையில் நிற்கும்போது எது ஸ்டோன்வேர், எது குறைந்த சூட்டில் சுட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விற்கிறவர் எல்லாவற்றுக்கும் "ஸ்டோன்வேர்தான் மேடம்" என்கிறார்.

வேதியியல் டீச்சர்

இதற்கு வீட்டுத் தராசே போதும். வாங்கின மக்கை நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். இரவு முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்து, காலையில் துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். 400 கிராம் மக் 408-க்குள் நின்றால் 2 சதவீதம், நல்ல மக். 440-ஐத் தாண்டினால் அது துளையுள்ள மண், பாலுக்கு ஆகாது. கடையிலேயே பார்க்க வேண்டுமென்றால் அடியில் பூச்சு இல்லாத வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உடனே உறிஞ்சினால் குறைந்த சூடு. சொட்டு அப்படியே நின்றால் நம்பலாம்.

கெடுதல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உருகிய விறகுச் சாம்பல் என்பது கால்சியமும் பொட்டாசியமும் சிலிகாவும் சேர்ந்த கண்ணாடி. பயப்பட ஒன்றும் இல்லை. பயப்பட வேண்டியது குறைந்த சூட்டில் பளபளவென்று இருக்கும் பளிச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் பூச்சுகள். குறைந்த சூட்டில் உருக வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்திலிருந்தே ஈயம் சேர்ப்பார்கள். பளிச் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் காட்மியம் வரும். சந்தேகம் இருந்தால் ஓர் எலுமிச்சைத் துண்டை உள்ளே பூச்சின்மேல் ஒட்டி வைத்து, மறுநாள் எடுத்துப் பாருங்கள். அந்த இடத்தில் நிறம் மங்கியிருந்தால் பூச்சு அமிலத்தில் கரைகிறது, அதில் குடிக்க வேண்டாம். நிறம் மாறவில்லை என்பதை வைத்து மட்டும் ஈயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு ஆய்வகம்தான் போக வேண்டும். ஆனால் மோசமான பூச்சு இந்தச் சோதனையிலேயே சிக்கிவிடும்.

மாடித்தோட்டம்

எல்லாம் சரி, ஒரு கேள்வி மட்டும் உறுத்துகிறது. காபி குடிக்க ஒரு மக், அதற்காக மரத்தை எரிப்பதா? நம் மாவட்டத்தில் வெயில் ஏறிக்கொண்டே போகிறது. கறுப்புப் புகை விடும் சூளையைக் கலை என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. சூளைப்புகை அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சூளைப்புகை

தப்பாக எடுக்க ஒன்றுமில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். நாங்கள் எரிப்பது சவுக்கு. காட்டு மரம் இல்லை. கடலூர், விழுப்புரம் கடலோர மணலில் விவசாயிகள் பயிராக நட்டு நான்கு ஐந்து வருஷத்தில் வெட்டுவது. வெட்டிய இடத்தில் மறுபடி நடுகிறார்கள். சவுக்கு போக, மர அறுவை மில்லில் மிஞ்சும் ஓரக் கட்டைகளும் வாங்குகிறோம்.

புகை உண்மை. கரும்புகை என்றால் விறகு சரியாக எரியவில்லை, காசு புகைபோக்கி வழியாகப் போகிறது என்று அர்த்தம். அதனால் சூளை அமைப்பிலேயே இதைக் கவனிக்கிறோம். எங்கள் சூளையில் தீ எரியும் அறையில் விறகு தரையில் கிடக்காது, மேலே படிமேல் குறுக்கே கிடந்து எரியும். காற்று மேலிருந்து இறங்கி விறகின் ஊடே கீழே போகும். கீழே விழும் கங்கு அந்தக் காற்றைச் சுடவைக்கும். பூரி என்ற பிரெஞ்சுக்காரர் பெயரில் வழங்கும் பழைய அமைப்பு இது. சரியாகக் கட்டினால் ஒரு நாளுக்குள் சூளையை 1,300-க்குக் கொண்டுபோகலாம், புகையும் குறைவு. அதிலும் கடைசிக் கட்டத்தில் கொஞ்ச நேரம் புகை இருக்கத்தான் செய்யும். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

உப்புச் சூளை இன்னும் சிக்கல். சூடு உச்சிக்கு வரும்போது உப்பை உள்ளே வீசுவார்கள். சோடியம் ஆவியாகிப் பாத்திரத்தின்மேல் ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரப்பான பளபளப்பைத் தரும். ஜெர்மனியில் ரைன் ஆற்றுப் பக்கம் பல நூறு வருஷமாக நடந்த முறை. ஆனால் உப்பில் இருக்கும் குளோரின், ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாக வெளியே போகும். அதனால் உப்புக்குப் பதில் சலவை சோடா, சமையல் சோடா போன்றவற்றுக்கு மாறியவர்கள் நிறைய. பக்கத்தில் வீடுகள் வந்துவிட்டதால் நானும் உப்பைத் தொடுவதில்லை.

டிகிரிகாபி

அக்கா சொன்னதில் சாம்பல் விஷயம் எனக்குப் புதிது. கேஸ் சூளையில் அது வராது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது அழகு சம்பந்தப்பட்டது. குடிப்பதற்கு என்ன வித்தியாசம்? விலை பற்றியும் இன்னும் பதில் வரவில்லை.

ஒகயாமாவாசி

வேலைக்காக ஜப்பானில் ஒகயாமாவில் இருக்கிறேன். இங்கிருந்து ரயிலில் கொஞ்ச நேரத்தில் பிஸன் ஊரின் இன்பே நிலையம். இறங்கினதுமே வீடுகளுக்கு நடுவே செங்கல் புகைபோக்கிகள் தெரியும். ஜப்பானின் ஆறு பழைய சூளை ஊர்களில் பிஸன் ஒன்று. மற்றவை செதோ, தொகோநாமே, ஷிகராகி, தம்பா, எச்சிசென்.

பிஸனில் கிளேஸே பூசுவதில்லை. வயலுக்கு அடியில் தோண்டி எடுக்கும் இரும்புச் சத்துள்ள களிமண், செம்பைன் விறகு, இந்த இரண்டும்தான். அந்த மண் அவசரத்தைத் தாங்காது, சட்டென்று சூடேற்றினால் வெடிக்கும். அதனால் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை இரவு பகலாக முறை வைத்து எரிக்கிறார்கள். பாத்திரங்கள் ஒட்டாமல் இருக்க நடுவில் வைக்கோல் சுற்றி வைப்பார்கள். வைக்கோலில் இருக்கும் பொட்டாசியம் மண்ணோடு சேர்ந்து அந்த இடத்தில் நெருப்பு நிறத்தில் கோடு விழும். ஹிதாசுகி என்று பெயர். வெளிறிய மண்ணில் அந்தச் சிவப்புக் கோடு ஓடும் ஒரு கிண்ணத்தைப் பார்த்துவிட்டு நான் அந்தக் கடையை விட்டு நகரவே இல்லை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மரபு நலிந்து கிடந்தது. கனேஷிகே தோயோ என்பவர் மொமொயாமா காலத்து (16-ஆம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டிய) பழைய பாத்திரங்களைப் பார்த்து, மண்ணையும் தீயையும் மறுபடி பயின்று மீட்டெடுத்தார். 1956-இல் அவரை, கலை மரபைக் காப்பவர்களுக்கு ஜப்பான் அரசு தரும் கௌரவமான வாழும் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தார்கள். அக்டோபர் மூன்றாம் வார இறுதியில் நடக்கும் மட்பாண்டத் திருவிழாவுக்கு இங்கே கூட்டம் அள்ளும்.

குடிப்பதில் என்ன வித்தியாசம் என்று டிகிரிகாபி கேட்டார். இங்கே பிஸன் குவளையில் பீர் ஊற்றினால் நுரை பொடியாக வந்து ரொம்ப நேரம் நிற்கும் என்பார்கள். உள்சுவரின் நுண்ணிய சொரசொரப்புதான் காரணம். காபிக்கு நான் கவனித்தது உதடு படும் இடம். கிளேஸ் இல்லாத விளிம்பு வழுக்காது, லேசாகப் பிடிக்கும். சிலருக்கு அது பிடிக்காது. வாங்கும் முன் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள் என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். பூச்சு இல்லாத பாத்திரத்தை ஒவ்வொரு முறையும் தண்ணீரில் நனைத்துவிட்டுப் பயன்படுத்தச் சொல்வார்கள். மிச்சம் இருக்கும் துளையைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் காபிக் கறை ஏறாது.

சூளைப்புகை

ஒகயாமாவாசி எழுதியதைப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் பிஸனுக்கும் புதுச்சேரிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா அதற்கு முன் பிஸனில் பயின்றவர். ரே கட்டடக்கலை படித்துவிட்டு மண்ணுக்கு வந்தவர். அவர் பிற்பாடு சுடாத மண்ணால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி உள்ளே தீ மூட்டிச் சுட்டார், அது தனிக் கதை. இன்று புதுச்சேரி, ஆரோவில் பக்கம் ஸ்டோன்வேர் செய்கிற பலர் அங்கே பழகினவர்கள், அல்லது அங்கே பழகினவர்களிடம் பழகினவர்கள். நான் இரண்டாவது வகை.

விலைக்கு வருகிறேன். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணோடு மற்றவற்றைக் கலந்து, மண்ணை ஈரத்தோடு நாள்படப் பதப்பட விட்டுப் பிசைவதில் தொடங்கும். வனைந்து, பாதி காய்ந்த பதத்தில் அடியைச் செதுக்கி, கைப்பிடியைத் தனியாக இழுத்து ஒட்ட வேண்டும். ஒட்டும்போது இரண்டும் ஒரே ஈரத்தில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் காயும்போது கைப்பிடி கழன்றுவிடும். பிறகு முதல் சூடு. பிறகு உள்ளே மட்டும் கிளேஸ். வெளியே தீயின் வேலை.

அடுத்தது அடுக்குவது. அடுக்குவதற்கு மட்டும் முழு நாள் போகும். ஒவ்வொரு மக்கின் அடியிலும் சூட்டில் உருகாத கயோலின் களிமண்ணும் அலுமினாப் பொடியும் கலந்து உருட்டிய மூன்று சின்ன உருண்டை வைப்போம். அது இல்லையென்றால் உருகும் சாம்பல், சூளைக்குள் அடுக்க வைக்கும் தீ தாங்கும் பலகையோடு மக்கை ஒட்டிவிடும். வைகைக்கரை, அடுத்த முறை மக்கைத் திருப்பிப் பாருங்கள், அடியில் மூன்று வட்டத் தழும்பு இருக்கும். சிலர் சிப்பிக்குள் அந்தக் கலவையை அடைத்து வைப்பார்கள், சிப்பியின் வரிகள் அப்படியே பதியும்.

மூட்டின பிறகு யாரும் தூங்க முடியாது. செங்கல் துளை வழியாகக் கூம்புகளைப் பார்த்துக்கொண்டே இருப்போம். குறிப்பிட்ட சூட்டில் சாயும்படி செய்த சின்னக் கூம்புகள், 1886-இல் ஹெர்மன் ஸேகர் என்ற ஜெர்மானியர் கொண்டுவந்த முறை. உள்ளே எல்லாமே வெள்ளையாக எரியும்போது கூம்பு எங்கே என்றே முதலில் தெரியாது. துளை வழியாக மெல்ல ஊதினால் ஒரு நொடி நிழல்போல் தெரியும், சாய்ந்துவிட்டதா இல்லையா என்று அந்த நொடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆற இரண்டு மூன்று நாள். அவசரப்பட்டுக் கதவுச் செங்கலைப் பிரித்தால் குளிர்காற்று பட்டு நல்ல மக்கெல்லாம் கீறிவிடும்.

பிரித்த பிறகு எல்லாம் விற்பனைக்குத் தேறாது. அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தவற்றில் சாம்பல் அதிகமாகிப் பலகையோடு ஒட்டியிருக்கும். கடைசி வரிசையில் சூடு போதாமல் மண் சப்பென்று இருக்கும். நடுவில் தேறியவற்றின் விலையில்தான் தேறாதவற்றின் விறகும் கூலியும் சேர்கிறது.

டிகிரிகாபி

இப்போது புரிகிறது அக்கா. கேட்டதற்கு இவ்வளவு பொறுமையாகப் பதில் எழுதினீர்கள், நன்றி. இந்த விவரங்களை விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் நான்கு வரி எழுதி வைத்தால் என்னை மாதிரி ஆட்கள் கேள்வி கேட்காமல் வாங்குவார்கள்.

பானைவீடு

அதே கணக்கு எங்கள் சூளைக்கும் உண்டு தம்பி. வைக்கோல், வறட்டி, தென்னைமட்டை, விறகு என்று வைத்துச் சுட்டு எடுத்தால் மழை வந்துவிட்டாலோ காற்று மாறிவிட்டாலோ பாதி போய்விடும். ஆனால் எங்கள் பானைக்கு 1,600 கேட்டால் யாராவது கொடுப்பார்களா? பேரம் பேசி இருபது ரூபாய் குறைக்கச் சொல்வார்கள். கூடத்தில் வைத்து விற்பவருக்கு ஒரு விலை, தெருவோரத்தில் வைத்து விற்பவருக்கு ஒரு விலை. வருத்தத்தோடுதான் சொல்கிறேன். சூளைப்புகை அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை, அவர் விலை நியாயமானது. எங்களுக்கும் அந்த நியாயம் வேண்டும்.

சூளைப்புகை

ஐயா சொல்வதில் ஒரு வார்த்தை மறுக்க முடியாது. என் கையில் இருக்கும் வித்தைக்குக் கிடைக்கும் மரியாதை உங்கள் கைக்கு இன்னும் அதிகமாகக் கிடைக்க வேண்டும். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளைப் பாருங்கள். கவிழ்த்து வைத்து, உள்ளே காற்றுப் போகாமல் கறுப்பாகவும், வெளியே காற்றுப் பட்டுச் சிவப்பாகவும் ஒரே சூட்டில் எடுத்திருக்கிறார்கள். நான் மேலே ஆக்ஸிஜனைப் பற்றி விளக்கியதை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கையால் செய்து காட்டிவிட்டார்கள். வாங்குகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: ஸ்டோன்வேர் மக்கை விலை கேட்காமல் வாங்குகிறவர்கள் தண்ணீர்ப் பானைக்குப் பேரம் பேசாதீர்கள்.

மாடித்தோட்டம்

ஐயா, எங்கள் வீட்டுக்கு இந்தக் கோடைக்குப் பானை வாங்க வேண்டும். மானாமதுரைக்கே வந்து நீங்கள் சொல்லும் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்.

சூளைப்புகை அக்கா, சவுக்கு விவரம் கேட்டபின் எனக்குப் பாதி சமாதானம். புகை விஷயத்தில் இன்னும் ஒத்துப்போக முடியவில்லை. ஆனால் வருஷத்துக்கு நான்கைந்து முறை எரியும் சூளையும், தினமும் தூக்கி எறியும் காகிதக் கப்பும் ஒன்று இல்லை என்பதை ஏற்கிறேன். அந்தக் கப்பின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு வேறு.

வைகைக்கரை

புதுச்சேரி போகிற தோழியிடம் சொல்லி அந்த மக்கையே வாங்கி வரச் சொல்லிவிட்டேன். வந்து சேர்ந்தது. டீச்சர் சொன்ன மாதிரி எடை போட்டேன்: 372 கிராம், ஊறவைத்த பிறகு 376. அடியில் மூன்று தழும்பும் இருக்கின்றன! எலுமிச்சைத் துண்டு வைத்தும் பார்த்தேன், நிறம் மாறவில்லை.

இரண்டு சந்தேகம். அடி சொரசொரவென்று இருக்கிறது, தேக்கு மேசையில் கீறல் விழுமோ என்று பயம். இன்னொன்று, காபி ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடுகிறது. மண் சூட்டைப் பிடித்து வைக்கும் என்று சொல்வார்களே?

சூளைப்புகை

உப்புத்தாள் வாங்குங்கள், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு வகை. மேசையில் விரித்துத் தண்ணீர் விட்டு, மக்கின் அடியை வட்டமாகத் தேய்த்தால் ஐந்து நிமிஷத்தில் வழவழப்பாகிவிடும். நனைக்காமல் தேய்க்காதீர்கள், அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது.

ஆறுவதற்குக் காரணம் மக்கின் கனம். 370 கிராம் மண் சில்லென்று இருக்கும்போது காபியின் சூட்டை முதலில் அதுதான் குடிக்கும். வெந்நீர் ஊற்றி அலசிக் கொட்டிவிட்டுக் காபி ஊற்றுங்கள், வித்தியாசம் தெரியும். ஆனால் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மக்கில் கொதிநீர் ஊற்றவே கூடாது. ரொம்ப நேரம் உச்ச சூட்டில் இருந்த விறகுச் சூளைப் பாத்திரங்களில் கிறிஸ்டோபலைட் என்ற சிலிகா வகை உருவாகியிருக்கலாம். அது 200 டிகிரியை ஒட்டித் திடீரென்று அளவு மாறும். அதனால் நேரடித் தீயிலோ சுடும் அவனிலோ வைப்பதையும் தவிருங்கள்.

மைக்ரோவேவில் சூடு பண்ணலாம், உங்கள் மக் தண்ணீரை அதிகம் இழுக்காதது. பாத்திரம் தேய்க்கும் கம்பி வேண்டாம். கறை தெரிந்தால் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசிவைத்துக் கழுவுங்கள், போதும்.

டிகிரிகாபி

நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். கடையில் பார்க்கும் மக் எல்லாம் 300, 350 மில்லி பிடிக்கிறது. அது வெளிநாட்டுக் காபிக்கு. நம் காபி அதில் பாதிகூட வராது, அடியில் கிடந்து ஆறும். டம்ளர் அளவுக்கு, 150 மில்லியில், கைப்பிடி இல்லாமல் செய்வீர்களா? எங்கள் அம்மா உதடு படாமல் அண்ணாந்து குடிப்பவர், அவருக்கு விளிம்பு லேசாக வெளியே மடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயோரம் வழியும்.

சூளைப்புகை

தாராளமாகச் செய்யலாம். இந்த மண் காய்ந்து சுட்டு முடிவதற்குள் எட்டில் ஒரு பங்கு சுருங்கும், அதற்கேற்ப வனையும்போதே பெரிதாக எடுக்க வேண்டும். உங்கள் வீட்டு டம்ளரின் உயரமும் வாய் அகலமும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். விளிம்பு எவ்வளவு மடிந்திருக்கிறது என்பதற்குப் பக்கவாட்டில் ஒரு படம் போதும். கைப்பிடி இல்லையென்றால் சுவரைக் கொஞ்சம் கனமாக விட்டு, அடிவளையத்தை உயரமாகச் செதுக்கித் தருகிறேன், இரண்டு விரலால் அடியைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் நான் சூளை மூட்டுவதில்லை. விறகு ஈரம், சூடு ஏறாது. மார்கழியில் வனைந்து காயவைத்துவிட்டுத் தை பிறந்ததும் மூட்டுவேன். அதற்குள் அளவு வந்தால் நடுவரிசையில் இடம் வைக்கிறேன்.